கேட்ட பெண்ணும் கேளாத சீடரும்



இன்று வாசிக்கக் கேட்ட யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் நாம் வழமையாகக் கவனியாமல் கடந்துவிடும் ஒரு வசனம் இருக்கிறது. இருபத்தேழாவது வசனம். உணவு வாங்க ஊருக்குள் போயிருந்த சீடர்கள் திரும்பி வருகிறார்கள். தங்கள் ஆண்டவர் யாக்கோபின் கிணற்றடியில் ஒரு பெண்ணோடு கதைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். திகைத்துப் போகிறார்கள். பெண் என்பது ஒன்று, சமாரியப் பெண் என்பது மற்றது. இவளோடு உமக்கு என்ன கதை என்ற கேள்வி ஒவ்வொருவர் தொண்டையிலும் வந்து நிற்கிறது. ஆனால் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார்.

நடந்ததை எழுதுவதே வழமை. நடக்காமல் போன ஒன்றை யோவான் எழுதுகிறார் என்றால், அதை நாம் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறார். ஒருபுறம், ஆண்டவரோடு கூடவே நடந்து கூடவே உண்டு உறங்குகிற சீடர்கள். கேள்வி இருக்கிறது, விழுங்கிவிடுகிறார்கள். மறுபுறம், அன்று மத்தியானம்தான் அவரை முதன்முதலாகக் கண்ட ஒருத்தி. மனத்தில் எழுந்ததையெல்லாம் கேட்டுவிட்டாள். அந்த ஊருக்கு நற்செய்தியைக் கொண்டுபோனது யார்? சீடர்களும் அதே ஊருக்குள் போய் வந்தவர்கள்தான். அப்பம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு மனிதரையும் அழைத்து வரவில்லை. அவள் குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். ஊரே புறப்பட்டு வந்தது.

நமது சபை மண்டபத்தில் புதன்கிழமை மாலைகளில் நடக்கிற வளர்ந்தோர் கலந்துரையாடலைப் பற்றி இன்று உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வருகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அது வேண்டாத வேலை என்று நினைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். இருபகுதியாரையும் மனத்தில் வைத்தே இந்த வேதபகுதியைத் தெரிந்துகொண்டேன்.

நமது பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை உண்டு. வாலிபருக்குச் சங்கம் உண்டு. திடப்படுத்தல் வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்விக்குக் குருவானவர் உட்கார்ந்து பதில் சொல்கிறார். அதன்பின்? கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பெற்றோரை அடக்கம்செய்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஒரு மனிதருக்கு உண்மையான கேள்விகள் தொடங்குகிற வயதில், அவற்றை வைப்பதற்குச் சபையில் இடம் இல்லை. ஞாயிறுதோறும் வருகிறார், பிரசங்கத்தைக் கேட்கிறார், வாசலில் குருவானவருடைய கையைப் பிடித்துச் சுகம் விசாரித்துவிட்டுப் போகிறார். நாற்பது வருடம் இப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பதினாறு வயதில் கிடைத்த பதிலோடு அறுபது வயதுத் துக்கத்தைத் தாங்கச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறோம்.

கேள்வி கேட்கத் தொடங்கினால் விசுவாசம் ஆடிப்போகும் என்று அஞ்சுகிற பெரியவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். அது அன்பினால் வருகிற பயம். ஆனாலும் சமாரியப் பெண் கேட்டவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யூதராகிய நீர் என்னிடம் தண்ணீர் கேட்பது எப்படி என்கிறாள். வாளியும் இல்லை, கிணறோ ஆழம், எங்கிருந்து தருவீர் என்கிறாள். எங்கள் தகப்பன் யாக்கோபை விட நீர் பெரியவரோ என்று நேரே முகத்துக்குக் கேட்கிறாள். கடைசியில் அந்த நாட்டையே இரண்டாகப் பிளந்து வைத்திருந்த கேள்வியை எடுக்கிறாள். வணங்க வேண்டிய இடம் இந்த மலையா, எருசலேமா? ஒரு கேள்விக்காவது ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. நான்கு நற்செய்திகளிலும் அவர் தனியொரு ஆளோடு நடத்திய உரையாடல்களில் மிக நீண்டது இதுதான். முந்திய அதிகாரத்தில் இரவில் வந்த நிக்கொதேமு வேதம் கற்ற பெரிய மனிதர். அவரோடு நடந்த உரையாடல் பாதியிலேயே கரைந்துவிடுகிறது, அவர் எப்போது எழுந்து போனார் என்று கூடத் தெரியவில்லை. கிணற்றடிப் பெண்ணோடு நடந்தது ஒரு முழு ஊரில் போய் முடிகிறது.

அவள் ஊருக்குள் போய்ச் சொன்னதையும் பாருங்கள். மேசியாவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் முழங்கவில்லை. வந்து பாருங்கள், அவர் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று கேட்டாள். சமாரியாவில் முதல் நற்செய்திப் பணி ஒரு கேள்வியாகவே நடந்தது. அதைக் கேட்ட ஊரார் தாங்களே வந்து, தாங்களே கேட்டு, இரண்டு நாள் அவரைத் தங்களோடு தங்க வைத்து, பிறகு அவளிடம் சொல்கிறார்கள்: இனி உன் சொல்லுக்காக அல்ல, நாங்களே கேட்டு அறிந்திருக்கிறோம். நாங்களே கேட்டு அறிந்தோம் என்று எல்லா வயதினரும் சொல்லக்கூடிய ஒரு சபையைத்தான் நானும் ஆசைப்படுகிறேன். ஐயர் சொன்னார், அதனால் நம்புகிறோம் என்கிற சபை ஐயரோடு முடிந்துபோகும்.

இது கிணற்றடியில் நடந்தது என்பதை யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே கிடக்கிற தண்ணீரை நம்பியே உயிர் வாழ்ந்தோம். அந்தத் தண்ணீரை யார் தொடலாம் என்பதில்தான் இந்தச் சமூகத்தின் கொடூரம் வெளிப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் குடத்தோடு கிணற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். யாராவது மனமிரங்கி அள்ளி வார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். கிணற்றுக் கட்டில் கைவைத்தால் அடி. இதைக் கண்ணால் கண்டவர்கள் இந்த ஆலயத்தில் இன்றும் இருக்கிறீர்கள். அனுபவித்தவர்களும் இருக்கிறீர்கள். அப்படியானால் யூதர் ஒருவர் சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் தா என்று கேட்டதன் பாரம் உலகத்தில் வேறெவரையும் விட நமக்கு நன்றாக விளங்க வேண்டும். அவர் அள்ளி வார்க்க வரவில்லை. அவளுடைய குடத்திலிருந்து குடிக்கக் கேட்டார். உரையாடல் அங்கே தொடங்கியது. தான் கீழே இறங்காமல், மேலே நின்றபடி கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்திருந்தால் அது உரையாடலாக ஆகியிருக்காது.

நமது சபையின் வரலாற்றுக்கும் கேள்வி புதிதல்ல. 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கி, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் நியூ இங்கிலாந்தின் கொங்கிரிகேஷனல் மரபிலிருந்து வந்தவர்கள். அந்த மரபில் பேராயர் இல்லை. சபையார் கூடி உட்கார்ந்து கதைத்துத்தான் காரியங்களை முடிவுசெய்தார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வேதாகமத்தோடு கணிதமும் வானசாத்திரமும் தமிழ் இலக்கியமும் படிப்பித்தார்கள். மதத்தைக் குறித்த வாதமும் எதிர்வாதமும் இந்த மண்ணில் பத்திரிகை ஏறிய காலம் அது. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையைப் புரட்டினால் அன்றைய யாழ்ப்பாணம் எவ்வளவு தர்க்கித்தது என்பது தெரியும். கிறிஸ்தவத்தோடு மிகக் கடுமையாக வாதாடிய ஆறுமுக நாவலரே, அதற்கு முன் மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பெர்சிவலோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உழைத்தவர். வருடக்கணக்கில் வேதத்தை வரிவரியாக ஆராய்ந்த ஒருவர் அதை ஏற்காமல் போனார். அது நமது முன்னோருக்குத் துக்கமாக இருந்திருக்கும். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு மேசையைச் சுற்றி நடந்த கலந்துரையாடலை நமது வரலாற்றிலிருந்து வெட்டிவிட எனக்கு மனமில்லை.

1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரசையும் மறக்கக்கூடாது. பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. அதன் மூச்சாக இருந்தவர் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக உட்கார்ந்து நாட்டின் விடுதலையைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் கதைத்தார்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கவும் துணிந்தார்கள். அந்தக் காலத்தில்தான் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்ற பேச்சு எழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கட்டும் என்று சொன்னதற்காகப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரே உயரத்தில் உட்காருவது அவ்வளவு பெரிய காரியம். புதன்கிழமை நமது மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போடுகிறபோது அது என் நினைவுக்கு வருகிறது.

இனிச் சொல்லப்போவது சபையாகிய நமக்கு வேதனையான விடயம். கேள்விக்கு இடம் கொடாத இடத்திலிருந்து கேள்வி வேறிடத்துக்குப் போய்விடும். டொமினிக் ஜீவா இந்த யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சாதியின் பேரால் பாடசாலையில் அவமதிக்கப்பட்டுப் படிப்பை நிறுத்தியவர். அவருடைய சிறுகதைத் தொகுதியான 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. கஸ்தூரியார் வீதியில் அவர் தொழில்செய்த முடிதிருத்தகத்தில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தொழிலாளரும் வந்திருந்து கதைத்தார்கள். மனிதன் ஏன் மனிதனைத் தாழ்த்துகிறான், இதற்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு அங்கே நடந்தது. வேதாகமத்தின் தீர்க்கதரிசிகள் பலர் கேட்ட கேள்வி அது. ஆலய மண்டபத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மனிதர் நின்றபோது கிறிஸ்தவ சபைகளின் உள்ளே வாங்குகள் எப்படிப் பிரிந்திருந்தன என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர் கோயிலை மட்டும் சுட்டிக்காட்ட நமக்கு யோக்கியதை இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. அந்த முப்பது வருடத்தில் நாம் கற்றுக்கொண்டது வாய்மூடி இருப்பது. கதைக்கும் முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே வெளியில் ஒன்றும் சொல்லாதே என்பதாக இருந்தது. கேள்வி கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கண்டோம். யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக இருந்த ராஜனி திராணகம எல்லாத் தரப்பு ஆயுதங்களையும் நோக்கிக் கேள்வி எழுப்பினார். 'முறிந்த பனை'யை நண்பர்களோடு சேர்ந்து எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கிறிஸ்தவத் தாயின் மகள், இரு பெண்பிள்ளைகளின் தாய். அவரைப் போன்றவர்களின் முடிவைப் பார்த்த தலைமுறை மௌனத்தைப் பத்திரம் என்று நினைத்ததில் குற்றம் காண எனக்குத் துணிவில்லை. ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்தபிறகும் அந்த மௌனம் நமக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது, ஆலயத்துக்குள்ளும் கூட வந்து நமது பக்கத்தில் இருக்கிறது.

1995 ஜூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தங்கியிருந்த மக்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆலயம் என்று நம்பித்தான் அங்கே போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள்ளே நடந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. இவற்றிலே பிள்ளையை, கணவனை, தாயைப் பறிகொடுத்தவர்கள் ஞாயிறுதோறும் இங்கே இருந்து, ஆண்டவர் என் மேய்ப்பர் என்று பாடுகிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடவுள் அப்போது எங்கே இருந்தார்? இந்தக் கேள்வியை ஆலயத்தில் கேட்கக்கூடாது என்றால் வேறு எங்கே கேட்பது?

யோபு கேட்டார். தான் பிறந்த நாளையே சபித்தார். கடவுளை வழக்குக்கு இழுத்தார். கடவுளின் நியாயத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூன்று நண்பர்கள் அழகான பதில்களைச் சொன்னார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள். அந்த நண்பர்களை. என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்ற கருத்தில் அவர்களுக்குச் சொல்கிறார். கேட்டவரின் பக்கம் கடவுள் நின்றார். அவசரமாகப் பதில் சொன்னவர்களுக்காக அந்த யோபுவே மன்றாட வேண்டி வந்தது. குருவானவராகிய எனக்கு இது பயத்தைத் தருகிற பகுதி. துக்கத்தில் இருக்கிறவரிடம் பதிலோடு போகாதே, முதலில் ஏழு நாள் பேசாமல் தரையில் இரு என்று அது என்னிடம் சொல்கிறது. அந்த நண்பர்களும் அதைத்தான் முதலில் செய்தார்கள். வாய் திறந்தபோதுதான் கெட்டுப்போனார்கள்.

பதிலோடு போகாமல் கேள்வியோடு போன ஒரு குருவானவரைப் பற்றிச் சொல்கிறேன். நிக்கராகுவா நாட்டின் பெரிய ஏரியில் சொலென்ரிநாமே என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் ஏர்னெஸ்ரோ கார்டெனால் என்ற கத்தோலிக்கக் குருவானவர் அங்கே போய், மீனவரும் விவசாயிகளுமான ஏழைகளோடு ஒரு சமூகமாக வாழ்ந்தார். அவர் கவிஞர், நன்றாகப் பிரசங்கம் செய்யக்கூடியவர். ஆனால் ஞாயிறு வழிபாட்டில் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, நற்செய்திப் பகுதியை ஒவ்வொரு வசனமாக வாசித்து, அந்த மக்களிடம் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் சொன்னார்கள். அவர்கள் சொன்னவை புத்தகமாக வந்து, உலகத்தின் இறையியல் கல்லூரிகள் பலவற்றில் படிக்கப்படுகின்றன. ஏரோதைப் பற்றி வாசித்தபோது தங்களை ஆண்ட கொடுங்கோலனை அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது. 1977இல் அந்தக் கொடுங்கோலன் சொமோசாவின் படை வந்து அந்தக் குடியிருப்பை அழித்தது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கடலை நம்பி இருக்கிற நமது மக்கள், கலிலேயாக் கடலில் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படாத பேதுருவைப் பற்றி வாசித்தால் என்ன சொல்வார்கள்? அதைக் கேட்க எனக்கு ஆசை. பேதுருவின் வெறும் வலையை நான் விளக்குவதைவிட அவர்கள் விளக்குவது சரியாக இருக்கும்.

நமது புதன் வட்டத்திலும் அப்படி ஒன்று நடந்தது. அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு சொல்கிறேன். இதே 4ஆம் அதிகாரத்தை வாசித்தோம். உனக்கு ஐந்து புருஷர் இருந்தார்கள் என்று ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் சொல்கிற இடம் வந்தது. அவளை நடத்தை கெட்டவள் என்று எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்! ஒருவர் அப்படியே சொல்லவும் தொடங்கினார். அதுவரை மூன்று நான்கு கூட்டங்களில் ஒன்றும் கதையாமல் இருந்த ஒரு சகோதரி, கணவனை யுத்தத்தில் இழந்தவர், மெல்லக் கேட்டார்: ஐந்து பேரும் செத்திருக்கலாமே? அந்தக் காலத்தில் பெண் தன் விருப்பத்தில் கணவனைத் தள்ளிவிட முடியாது. ஆணால்தான் தள்ள முடியும். ஒன்றில் அவர்கள் இறந்திருக்க வேண்டும், அல்லது அவளைக் கைவிட்டிருக்க வேண்டும். வேதத்தைத் திரும்ப வாசித்தோம். பாவம் என்ற சொல்லை ஆண்டவர் அவளிடம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அவளுடைய வாழ்க்கையைத் தனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். நான் செய்ததையெல்லாம் அவர் சொன்னார் என்று அவள் ஊராரிடம் சொன்னது வெட்கத்தோடு சொன்னதா, என் கதை தெரிந்த ஒருவரை இன்று கண்டேன் என்ற ஆறுதலோடு சொன்னதா? அன்று மாலை அந்த மண்டபத்தில் இருந்த பெண்கள் பலர் தங்கள் கதையைச் சொன்னார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்ணை இந்த ஊர் எப்படிப் பார்க்கிறது என்று சொன்னார்கள். எந்த வேத வியாக்கியானப் புத்தகத்திலிருந்தும் நான் அதை எடுத்துத் தந்திருக்க முடியாது.

நமது குடும்பங்களில் பாதிப் பேர் சைவர்கள். அண்ணன் வீட்டில் கந்தசட்டி விரதம், தம்பி வீட்டில் தபசுகாலம். அம்மம்மா திருநீறோடு இறந்தார், அவர் எங்கே போனார் என்று ஒரு பேரன் வட்டத்தில் கேட்டார். இது சமாரியப் பெண்ணின் மலையா எருசலேமா என்ற அதே கேள்வி. நமது திருமண்டலத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன் 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது பொறுப்பேற்றவர். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது எப்படி விளங்கிக்கொள்ளப்படுகிறது என்பதை ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1964இல் வெளிவந்தது. தன் கிறிஸ்துவை ஒரு அணுவளவும் விட்டுக்கொடாதவர், அயலவரின் நம்பிக்கையை அவர்களுடைய நூல்களிலிருந்தே கற்றார். மருதனார்மடத்தில் 1939இல் கிறிஸ்து சேவா ஆச்சிரமத்தைத் தொடங்கிய சேவக் செல்வரத்தினமும் தம் வாழ்க்கையால் அந்த வழியைக் காட்டினார். அம்மம்மாவைப் பற்றிக் கேட்ட பேரனுக்கு வட்டம் ஒரே பதிலைக் கொடுக்கவில்லை. மூன்று விதமாகச் சொன்னார்கள், ஒருவரையொருவர் மறுத்தும் சொன்னார்கள். ஆண்டவர் அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒரு மலையைத் தெரிந்து கொடுத்து அவர் முடிக்கவில்லை, பிதாவைத் தேட வேண்டிய ஆழத்துக்கு அவளைக் கொண்டுபோனார்.

நமது வட்டத்தில் குறையும் இருக்கிறது. இது ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிபர்களும் நிறைந்த சபை. கதைக்கத் தெரிந்தவர்கள் கதைக்கிறார்கள், மற்றவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். இரவில் தனியே வர முடியாத பெண்கள் இன்னும் வெளியே. கூலிவேலை முடித்துக் களைத்து வருகிறவருக்கு ஆறு மணிக் கூட்டம் தோதில்லை. மண்டபத்தை விட்டு வீடுகளில் கூடுவதென்றால் யார் வீட்டு விறாந்தையில் கூடுவது என்று கேட்டால், சில வீடுகளுக்குச் சிலர் வரமாட்டார்கள் என்ற பழைய நோயும் தலைகாட்டுகிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன். எல்லாரும் போகக்கூடிய வீட்டில் மட்டும் கூடுவோம் என்று சமாதானம் செய்துகொண்டால், எருசலேமில் மட்டும் வணங்குவோம் என்ற பழைய வழக்குக்குத் திரும்பியவர்கள் ஆவோம். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறோமோ அந்த வீட்டில்தான் அடுத்த கூட்டம் நடக்க வேண்டும். அங்கே நான் முதலில் போய்த் தண்ணீர் கேட்பேன்.

வேதத்தை மட்டும் கதையுங்கள், ஊர்க்கதையை விடுங்கள் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். சுன்னாகத்து மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்தடித் தண்ணீரில் கலந்து, சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளை மக்கள் மூடிவைத்துத் தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்ற காலத்தை நாம் கண்டோம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது. யாக்கோபின் கிணற்றை வாசிக்கிற சபை தன் சொந்தக் கிணற்றைப் பற்றிக் கதையாமல் எப்படி இருக்கும்? உயிருள்ள தண்ணீரைப் பற்றிச் சொன்ன ஆண்டவர் தொடங்கியது மெய்யான தாகத்திலிருந்து, மத்தியான வெயிலில்.

வருகிற புதன் யோபுவின் 3ஆம் அதிகாரத்தை எடுப்போம். வீட்டிலே ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். நான் கடைசியில்தான் கதைப்பேன், அதுவும் யாராவது கேட்டால் மட்டும். அங்கே சொல்லப்படுவது அங்கேயே இருக்கும். அதைச் சந்தியில் கொண்டுபோய்ச் சொல்கிறவர் சகோதரருக்குத் துரோகம் செய்கிறார். அழுகிறவரை அழவிடுங்கள், வசனம் சொல்லி நிறுத்த வேண்டாம். இரவில் வர முடியாத சகோதரிகளுக்குச் சனிக்கிழமை பின்னேரம் இன்னொரு வட்டம் தொடங்குகிறோம், ஆலய மண்டபத்தில் அல்ல, வீடுகளில். முதல் வீட்டுக்கு யார் அழைக்கிறீர்கள் என்று ஆராதனை முடிந்ததும் வாசலில் எனக்குச் சொல்லுங்கள். கூட்டத்தில் முதலில் கதைக்க வேண்டியவர் இதுவரை இந்தச் சபையில் ஒருமுறையும் வாய் திறவாதவர். ஆசிரியர்மாரே, அவர் சொற்களைத் தேடுகிற நேரத்தில் தயவுசெய்து நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஆமென்.